பெயர் தைத்த கைகள்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்பர். இவற்றுள் உடைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. உணவு உண்டவனோடு முடிந்துவிடுகிறது. உறையுள் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. உடையோ மனிதனோடு கூடவே நடந்து, அவன் யார், எந்தப் பணியினன், அவன் வீட்டில் நடப்பது மணவிழாவா துக்கமா என்பதையெல்லாம் காண்போர்க்கு எடுத்துரைக்கிறது. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்று முன்னோர் சொல்லி வைத்ததன் பொருளும் இதுவேயாகும்.

அவ்வுடையின்மீது நூலால் எழுதப்படும் எழுத்தே பூத்தையல். பள்ளிச் சட்டையின் பையிலுள்ள சின்னமும், மணப்பெண்ணின் ரவிக்கைக் கையிலுள்ள மயிலும், விளையாட்டுக் குழுவினர் அணியும் டீ-சட்டையின் மார்பிலுள்ள பெயரும் ஊசி எழுதியவையே. ஆயினும் அவ்வெழுத்தை எழுதிய கை யாருடையது என்று எவரும் கேட்பதில்லை.

இக்குறை இன்று தோன்றியதன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்தின் தொழில்வல்லாரை வரிசைப்படுத்துங்கால் துன்னகாரரையும் உடன்வைத்து எண்ணுகிறது. துன்னுதல் என்பது தைத்தல். துன்னகாரர் என்போர் தையற்காரர். காப்பியம் அவர்தம் தொழிலைச் சொல்லிற்று. அவருள் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. சிங்கப்பூரின் வரலாற்றைப் பேசுவோரும் துறைமுகத்தைப் பேசுவர், வணிகத்தைப் பேசுவர், சாலையும் கட்டடமும் எழுப்பிய உழைப்பாளரைப் பேசுவர். வீட்டின் சன்னலோரத்தில் கிடந்த தையற்பொறியைப் பேசுவோர் மிகச் சிலரே. அப்பொறி நடந்துவந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பது பயன் தருவதாகும்.

பொறி பிறந்த கதை

தையற்பொறிக்கும் பூத்தையலுக்கும் உள்ள உறவு தாய்க்கும் மகளுக்கும் உள்ள உறவு போன்றது. இதில் வியப்பு என்னவெனில், பூத்தையலே தாய், தையற்பொறி மகள்.

துணியை ஒரு வட்டச் சட்டத்தில் முரசின் தோல்போல இறுக்கிக் கட்டி, கொக்கி போன்ற ஊசியால் சங்கிலித் தையல் இடும் கலை இந்தியாவில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. குசராத்துக் கைவினைஞர் இதில் பெயர் பெற்றவர்கள். இன்று தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் மணப்பெண்களின் ரவிக்கைகளை அணிசெய்யும் ஆரி வேலை இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 18ஆம் நூற்றாண்டில் இம்முறை கீழை நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று அங்கும் பரவியது.

பிரான்சு நாட்டில் பார்த்தெலெமி திமோனியே என்றொரு ஏழைத் தையற்காரர் இருந்தார். பூத்தையல் செய்வோரின் கொக்கி ஊசி மேலும் கீழும் இயங்குவதைக் கண்ட அவர், அவ்வியக்கத்தைப் பொறியால் செய்விக்க முயன்று வெற்றி பெற்றார். 1830ஆம் ஆண்டில் அவருக்கு அதற்கான உரிமம் கிடைத்தது. பாரிசில் 80 பொறிகளை நிறுவிப் படைவீரர்க்குச் சீருடை தைக்கத் தொடங்கினார். தங்கள் பிழைப்புப் பறிபோகும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் திரண்டு வந்து அப்பொறிகளை அடித்து நொறுக்கினர். திமோனியே வறுமையிலேயே 1857இல் மறைந்தார். ஒரு புதிய கருவி வரும்போது அதனால் வாழ்வு பெறுவோரும் உண்டு, வாழ்வு இழப்போரும் உண்டு என்னும் உண்மை தையற்பொறியின் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846ஆம் ஆண்டிலும், ஐசக் சிங்கர் 1851ஆம் ஆண்டிலும் தத்தம் பொறிகளுக்கு உரிமம் பெற்றனர். சிங்கர் நிறுவனத்தின் வெற்றிக்குப் பொறியின் திறன் மட்டும் காரணமன்று. 1856ஆம் ஆண்டில் சிங்கரின் கூட்டாளியான எட்வர்டு கிளார்க் தவணை முறையைக் கொண்டு வந்தார். ஒரு குடும்பம் ஓராண்டில் சேமிக்க இயலாத தொகையை மாதந்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்திப் பொறியை வீட்டுக்குக் கொண்டுவர வழி பிறந்தது. தொழிற்கூடத்திற்கெனப் பிறந்த பொறி இல்லத்தினுள் நுழைந்தது தவணையின் வாயிலாகவே எனலாம். 1885இல் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் சிங்கர் நிறுவனம் பெரியதொரு ஆலையை நிறுவியது. அங்குச் செய்யப்பட்ட கருநிறப் பொறிகள் பிரிட்டிஷ் ஆட்சி பரவிய நாடெங்கும் கப்பலேறிச் சென்றன. அவ்வாலை 1980இல் மூடப்பட்டது. அதன் பொறிகளுள் பல இன்றும் ஓடுகின்றன.

இதே காலத்தில் பூத்தையலுக்கென்றே வேறொரு பொறிவழியும் உருவானது. 1828இல் பிரான்சின் ஜோசுவே ஹைல்மான் பல ஊசிகள் ஒருங்கே இயங்கும் பூத்தையற்பொறியை அமைத்தார். 1863இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் குரோப்லி 'ஷிஃப்லி' எனப்படும் பொறியை உருவாக்கினார். இவை ஆலைக்குரியவை, ஓர் இல்லத்தில் அடங்கா. ஆக, ஒரு வழி ஆலைக்குச் சென்றது. மற்றொரு வழி வீட்டுக்கு வந்தது. சிங்கப்பூர் இல்லங்களின் கதை இவ்விரண்டாம் வழியைச் சார்ந்தது.

பல்லை மறைத்து, பாதத்தைக் கழற்றி

நேர்க்கோட்டில் மட்டுமே தைக்கத் தெரிந்த பொறியைக் கொண்டு பூவையும் பறவையையும் எவ்வாறு வரைவது? இதற்கான விடை எளிது. ஆனால் பயிற்சி அரிது.

சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே உள்ள பற்கள் துணியை முன்னோக்கி நகர்த்துகின்றன. மேலிருந்து ஒரு சிறு பாதம் துணியை அழுத்திப் பிடிக்கிறது. பூத்தையல் செய்ய விரும்புவோர் அப்பற்களை ஒரு தகட்டால் மறைத்துவிடுவர்; அல்லது கீழே இறக்கிவிடுவர். பாதத்தையும் கழற்றிவிடுவர். அப்போது துணியை இழுப்பதற்கும் யாருமில்லை, பிடிப்பதற்கும் யாருமில்லை. ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். துணி பூட்டிய வட்டச் சட்டத்தைத் தைப்பவர் இரு கைகளாலும் பற்றி, கோடு செல்லும் திசையில் நகர்த்த வேண்டும். எழுதுகோல் அசையாமல் நிற்க, தாளை நகர்த்தி எழுதுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

கால்மிதியின் வேகம் ஒருபுறம், கைகளின் வேகம் மறுபுறம். கால் விரைந்து கை தயங்கினால் ஒரே இடத்தில் நூல் குவிந்து முடிச்சாகும். கை விரைந்து கால் தயங்கினால் தையல் நீண்டு பல்லிளிக்கும். சட்டத்தைச் சிறிது தடுமாறி இழுத்தால் ஊசி முறியும். சட்டத்தை இடமும் வலமுமாக மிக நெருக்கமாக அசைத்து நிரப்பினால்தான் இதழ் பளபளப்போடு நிறையும். காலும் கையும் கண்ணும் ஒத்திசைந்த பின்னரே ஓர் இலை இலையாகத் தோன்றும்.

சிங்கர் நிறுவனம் 1911ஆம் ஆண்டிலேயே இக்கலைக்கென ஒரு பாடநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டது. பல நாடுகளிலும் பொறி வாங்கிய பெண்களுக்குப் பூத்தையல் வகுப்புகளை நடத்தியது. வணிக நோக்கம் அதன்பின் இருந்தது உண்மையே. ஆயினும் பள்ளிப் படிப்புக்கு வாய்ப்பில்லாத பெண்கள் பலர் முறையாக அமர்ந்து கற்ற முதற் கல்வியாகவும் அவ்வகுப்பு அமைந்தது.

ஐந்தடி நடைபாதையிலிருந்து

சிங்கப்பூரில் தமிழரிடையே தையற்பொறி முதலில் ஆண்களின் கருவியாகவே இருந்தது. இதற்குக் காரணம் மக்கள்தொகையின் அமைப்பில் கிடக்கிறது. 1931ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இந்தியருள் ஆயிரம் பெண்களுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தனர். உழைக்க வந்த ஆடவர் பலர் குடும்பத்தைத் தாயகத்திலேயே விட்டுவிட்டுக் கூட்டாகத் தங்கியிருந்தனர். வீடு என்பதே இல்லாதபோது வீட்டுத் தையல் எங்கிருந்து வரும்?

எனவே சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையே தையற்கூடமாயிற்று. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் தோன்றிய அந்நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அமைக்கப்பட்டது. அதுவே பூக்கட்டுவோர்க்கும், கிளி சோதிடருக்கும், தையற்காரர்க்கும் தொழிலிடமாயிற்று. கிழிந்ததைத் தைக்கவும், கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கவும், ரவிக்கை தைக்கவும் ஒரு பொறியும் ஒரு முக்காலியும் போதுமானவையாக இருந்தன.

இக்காலத்திலேயே இந்தியாவில் பொறிகளைப் பற்றிய பெரும் விவாதம் நிகழ்ந்தது. கைராட்டையை வலியுறுத்திய காந்தியடிகள் எல்லாப் பொறிகளையும் வெறுக்கிறாரா என்று 1924ஆம் ஆண்டில் ஜி. ராமச்சந்திரன் என்னும் மாணவர் அவரிடம் வினவினார். பிற்காலத்தில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவருள் ஒருவர் அவரே. காந்தியடிகள் சிங்கர் தையற்பொறியைத் தம் விலக்குகளுள் ஒன்றாகக் கொண்டார். தன் மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்ட அன்பினால் சிங்கர் அதனைச் செய்தார் என்றும் அவர் கருதினார். சிங்கரின் வாழ்க்கை வரலாறு அவரை வணிக நோக்குடைய கண்டுபிடிப்பாளராகவே காட்டுகிறது. இருப்பினும் காந்தியடிகள் சொன்னதன் உட்பொருள் ஆழமானது. மனிதனை வெளியேற்றும் பொறி வேறு. மனிதனின் கைக்குத் துணைநிற்கும் பொறி வேறு. வீட்டுத் தையற்பொறி இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

கெபாயாவில் மலர்ந்த பூக்கள்

வீட்டுப் பொறியில் செய்யப்படும் பூத்தையல் இவ்வட்டாரத்தில் எவ்வளவு உயரத்தை எட்டியது என்பதற்குப் பெரனாக்கான் பெண்டிரின் கெபாயாவே சான்று. தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த சரிகைப்பின்னல் விளிம்பைக் கெபாயாவின் ஓரத்தில் இணைத்துத் தைப்பது வழக்கமாக இருந்தது. 1920களிலும் 1930களிலும் அவ்வழக்கம் மாறத் தொடங்கியது. மெல்லிய வாயில் துணியின்மீது நேரடியாகப் பொறியால் பூத்தையல் இடும் 'கெபாயா சூலாம்' பரவியது. சூலாம் என்பது பூத்தையலைக் குறிக்கும் மலாய்ச் சொல்.

செம்பருத்தியும் சாமந்தியும், மயிலும் வண்ணத்துப்பூச்சியும், மீனும் சேவலும் கெபாயாவின் இரு முன்விளிம்புகளிலும் வரிசை பிடித்து நின்றன. எல்லாவற்றினும் அரியது 'தெபுக் லுபாங்' எனப்படும் துளைவேலை. உருவத்தின் எல்லைக்கோட்டைத் தைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் துணியைக் கூரிய சிறு கத்தரியால் வெட்டி நீக்கி, வெற்றிடத்தின் குறுக்கே நூல்களை ஓடவிட்டு வலைபோலச் செய்வது அது. ஒரு வெட்டுத் தவறினாலும் அதுவரை செய்த வேலை முழுவதும் வீணாகும். இதனைக் கால்மிதிப் பொறியிலேயே செய்து முடித்தனர் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

இக்கெபாயா சீன வழிப் பெரனாக்கானுக்கு மட்டும் உரியதன்று. மலாக்கா சுல்தான்களின் காலத்தில் அங்குக் குடியேறி, உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். அவர்கள் மலாய் பேசினர். சைவ வழிபாட்டைக் கைவிடவில்லை. அச்சமூகப் பெண்டிரும் சாரோங்கும் கெபாயாவும் அணிந்தனர். சிங்கப்பூருக்கு வந்த அவர்கள் வாழ்ந்த பகுதியை லிட்டில் இந்தியாவின் அருகிலுள்ள செட்டி சாலை இன்றும் நினைவூட்டுகிறது. 2018ஆம் ஆண்டில் கேம்பல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையம் இச்சமூகத்தைப் பற்றி ஒரு கண்காட்சியை நடத்தியது. பழவேற்காட்டுத் துணி 'பெலிக்காட்' என்னும் பெயரோடு மலாய் மொழியில் நிலைத்ததுபோல, தமிழரின் குருதியும் கெபாயாவின் நூலோடு கலந்து நிலைத்துள்ளது.

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பழைய கெபாயாக்களுள் பலவற்றிற்கு அணிந்தவரின் குடும்பப் பெயர் தெரியும், காலம் தெரியும், துணியின் வகையும் தெரியும். பூத்தையல் இட்டவரின் பெயர்தான் தெரியாது.

சிறைக்குள் தைத்த பெயர்கள்

தைத்தவரின் பெயர் துணியிலேயே நின்ற நிகழ்ச்சியும் சிங்கப்பூர் வரலாற்றில் ஒன்று உண்டு. அது பொறியால் தைத்ததன்று, கையால் தைத்தது. எனினும் பூத்தையலின் ஆற்றலை அதுபோல் உணர்த்துவது பிறிதொன்றில்லை.

1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. பொதுமக்களான ஐரோப்பியர் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். பெண்களும் சிறுவரும் ஒருபுறம், ஆண்கள் மறுபுறம் எனப் பிரிக்கப்பட்டனர். கணவன் உயிரோடு இருக்கிறானா என்பது மனைவிக்குத் தெரியாது. மனைவியின் நிலை கணவனுக்குத் தெரியாது. அங்கிருந்த எதல் மல்வெனி என்னும் கனடியப் பெண்மணி ஒரு வழி கண்டார். பெண்கள் ஒவ்வொருவரும் ஆறங்குலச் சதுரத் துணியில் தம்மைக் குறிக்கும் ஏதேனும் ஒன்றைப் பூத்தையலாகத் தைத்துத் தம் பெயரையும் இட வேண்டும் என்றார். அச்சதுரங்கள் 66ஐ இணைத்து ஒரு போர்வையாக மூன்று போர்வைகள் செய்யப்பட்டன. மருத்துவமனைக்கு அனுப்பப்படும் போர்வை என்பதால் காவலர் தடுக்கவில்லை. பெயர்களைக் கண்டோர், தம்மவர் உயிரோடிருக்கும் செய்தியைக் கண்டனர்.

அம்மூன்றனுள் இரண்டு இன்று ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலுள்ள போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டனின் செஞ்சிலுவைச் சங்கத்திலும் காக்கப்படுகின்றன. கடிதம் எழுதத் தடை இருந்த இடத்தில் ஊசி கடிதம் எழுதிற்று. நூலால் எழுதிய பெயர் ஓர் உயிரின் சான்றாக நின்றது.

அடுக்குமாடியில் ஒலித்த பொறி

போருக்குப் பின் சிங்கப்பூரின் குடும்ப வாழ்வு மாறியது. செல்வம் குறைந்த பெரனாக்கான் இல்லங்கள் சிலவற்றில் பெண்டிர் தாம் அறிந்த சமையலையும் தையலையும் வருவாய்க்கு வழியாக்கினர். இந்தியரிடையே மனைவியரும் மக்களும் வந்து சேர, ஆண்பெண் எண்ணிக்கையின் இடைவெளி படிப்படியாகக் குறைந்தது. நடைபாதையில் ஒலித்த பொறி தமிழர் இல்லங்களிலும் ஒலிக்கத் தொடங்கியது.

1960ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும், அதே ஆண்டு சூலையில் மக்கள் கழகமும் தோன்றின. முன்னது குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீட்டைத் தந்தது. பின்னது நடத்திய சமூக நிலையங்களில் தையலும் சமையலும் கற்பிக்கப்பட்டன. வீட்டின் கூடத்தில் சன்னலோரம் ஒரு பொறிக்கு இடம் கிடைத்தது. இந்தியாவில் செய்யப்பட்ட உஷா பொறியும், சிங்கரும், பின்னர் சப்பானியப் பொறிகளும் மணமகளுக்குத் தரும் சீர்வரிசையிலும் இடம்பெற்றன.

1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தபின் தொழிற்சாலைகள் பெருகின. ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்தோருள் பெரும்பாலோர் பெண்களே. பகலில் ஆலைப் பொறியில் காலர் தைத்தவர் மாலையில் தம் வீட்டுப் பொறியில் மகளின் பாவாடைக்குப் பூத்தையல் இட்டார். அண்டை வீட்டார் கேட்டபோது அவர்களுக்கும் தைத்துக் கொடுத்தார். தீபாவளிக்கு முன்னுள்ள வாரங்களில் அப்பொறி நள்ளிரவு வரை ஓடிற்று. அவ்வருவாய் பிள்ளைகளின் புத்தகமாகவும் பேருந்துக் கட்டணமாகவும் மாறியது. கணக்கெடுப்பாளர் வந்து கேட்டபோது, 'வீட்டில்தான் இருக்கிறேன்' என்பதே அவர்தம் விடையாயிற்று. உழைப்பு இருந்தது, அதற்குத் தொழில் என்னும் பெயர் கிட்டவில்லை.

1979ஆம் ஆண்டில் அரசாங்கம் உயர்சம்பளக் கொள்கையை மேற்கொண்டது. கைத்திறனும் மூலதனமும் மிகுதியாகத் தேவைப்படும் தொழில்களின் பக்கம் நாடு திரும்பியது. ஆடைத் தொழில் படிப்படியாக அண்டை நாடுகளுக்கு நகர்ந்தது. ஆலைப் பொறிகள் அகன்றன. வீட்டுப் பொறிகள் அகலவில்லை. 1982இல் புதிய கட்டடத்திற்கு இடம்பெயர்ந்த தேக்காச் சந்தையின் மேல்தளத்தில் துணிக்கடைகளோடு தையற்காரர்களும் இடம்பிடித்தனர்.

திரையில் வரையும் காலம்

இதற்கிடையே பொறியே மாறத் தொடங்கியது. 1964இல் சப்பானின் தாஜிமா நிறுவனம் பல தலைகளைக் கொண்ட பூத்தையற்பொறியை வெளியிட்டது. 1975இல் சிங்கர் நிறுவனம் 'அத்தீனா 2000' என்னும் மின்னணுத் தையற்பொறியைக் கொணர்ந்தது. 1990இல் சப்பானின் ஜனோமே நிறுவனம் 'மெமரி கிராஃப்ட் 8000' என்னும் பொறியை வீட்டுக்கெனவே செய்து விற்றது. ஆலையில் மட்டும் இருந்த கணினிப் பூத்தையல் இல்லத்தின் மேசைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரிந்த இரு வழிகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் ஓரிடத்தில் கூடின எனலாம்.

இப்பொறியில் சட்டத்தைக் கை நகர்த்துவதில்லை, பொறியே நகர்த்துகிறது. நிமிடத்திற்குச் சில நூறு தையல்களை அது இடும். மனிதர் செய்ய வேண்டிய வேலை கணினித் திரைக்கு மாறியுள்ளது. எந்தப் பகுதியை முதலில் தைப்பது, தையல் எந்தத் திசையில் படுப்பது, எவ்வளவு நெருக்கமாக இருப்பது என்பனவற்றையெல்லாம் முன்கூட்டியே வகுத்துத் தர வேண்டும்.

டீ-சட்டையின்மீது இப்பணியைச் செய்வோர் நன்கறிவர்: பொறி தானே இயங்கினும் திறன் தானே வருவதில்லை. 1913 அளவில் அமெரிக்கக் கடற்படையினரின் உள்ளாடையாக இருந்த டீ-சட்டை பின்னர் உலகெங்கும் மேலாடையாயிற்று. திருப்பூர் என்னும் தமிழகத்து ஊர் பனியன் நகரமாக உயர்ந்ததும் இவ்வகைப் பின்னலாடைகளாலேயே. அத்துணி நெய்யப்பட்டதன்று, கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. ஆகவே இழுத்தால் நீளும். நீண்ட நிலையில் சட்டத்தில் பூட்டித் தைத்துவிட்டால், கழற்றியதும் துணி சுருங்கும்; பூ மட்டும் சுருங்காது. விளைவாக மார்பின் நடுவே சுருக்கம் விழும். இதனைத் தவிர்க்கத் துணியின் பின்னால் நீளாத ஒரு தாங்குத்துணியை வைக்க வேண்டும். கண்ணிகளை அறுக்காமல் விலக்கிச் செல்லும் மழுங்கிய முனையுடைய ஊசியைப் பூட்ட வேண்டும். துணியை இழுக்காமல் படிய வைக்க வேண்டும். மிக நெருக்கமான தையலையும் தவிர்க்க வேண்டும். கெபாயாவைத் தைத்தவரின் விரல் நுனி உணர்ந்த அதே அறிவு இங்கு வேறு வடிவில் தேவைப்படுகிறது.

இன்று சிங்கப்பூரில் குடியிருப்பு வீட்டிலிருந்தபடியே தையல் போன்ற சிறுதொழிலைச் செய்ய விதிமுறைகள் இடமளிக்கின்றன. வகுப்பு மாணவர்க்கான டீ-சட்டை, கோயில் தொண்டர்க்கான டீ-சட்டை, குழந்தையின் பிறந்தநாளுக்கான டீ-சட்டை எனச் சிறு எண்ணிக்கையில் வேண்டுவோர் உண்டு. பத்துச் சட்டைக்காக ஆலை பொறியை ஓட்டாது, வீடு ஓட்டும். தமிழ் எழுத்தில் பெயர் வேண்டும் என்று கேட்கும் பெற்றோர்க்கும் அங்கேயே வழி பிறக்கிறது. வளைவும் சுழியும் மிக்க தமிழ் எழுத்தைச் சிறிய அளவில் தைக்கும்போது சுழியின் உட்புறம் அடைபட்டுவிடும். அது அடையாமல் தையலை வகுக்க எழுத்தை அறிந்த ஒருவரே வேண்டும். அயல்மொழியினர் எழுதிய கணினி நிரல் இதனைத் தானே அறியாது. தமிழ் தெரிந்த கைக்கு இத்தொழிலில் இன்றும் இடமுண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பெயர் எங்கே?

2024ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் கூட்டாக முன்மொழிந்த கெபாயாவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஐந்து நாடுகள் ஓர் ஆடையின் பொருட்டுக் கைகோத்தமை மகிழத்தக்கதே. அவ்வேற்பு ஆடைக்கு மட்டும் உரியதன்று. அதனைச் செய்யும் திறனுக்கும் உரியது. திறன் என்பது கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதன்று. ஒருவரின் கையில் இருப்பது. அக்கை ஓய்ந்துவிட்டால் பேழைக்குள் இருப்பது துணி மட்டுமே.

பொறி மாறும்போதெல்லாம் திறன் அழிந்துவிட்டது என்று வருந்துவோர் உண்டு. இனித் திறனே வேண்டா என்று மகிழ்வோரும் உண்டு. வரலாறு இருவரையும் மறுக்கிறது. கொக்கி ஊசியிலிருந்து கால்மிதிக்கும், கால்மிதியிலிருந்து கணினித் திரைக்கும் திறன் இடம் மாறியதேயன்றி இல்லாமற்போகவில்லை. ஆனால் இடம் மாறும் ஒவ்வொரு முறையும், முன்னைய இடத்தில் இருந்தவர் மறக்கப்பட்டனர். உண்மையான இழப்பு பொறியால் நேர்ந்ததன்று; மறதியால் நேர்ந்தது.

இம்மறதியைப் போக்கப் பெரும் பொருள் தேவையில்லை. தமிழ்ப் பள்ளி மாணவர் ஒருவர் தம் பாட்டியாரிடம் சென்று, 'எப்போது பொறி வாங்கினீர்கள்? யார் கற்றுத் தந்தார்? முதலில் என்ன தைத்தீர்கள்?' என்று மூன்று வினாக்களைக் கேட்டு, விடைகளை ஒரு தாளில் எழுதி வைத்தாலே போதும். அது ஒரு வரலாற்று ஆவணம். அலமாரியின் அடியில் கிடக்கும் பழைய பாவாடையையோ மேசைவிரிப்பையோ எடுத்து, அதனைத் தைத்தவரின் பெயரையும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி உடன் வைப்பதும் ஆவணமே.

சாங்கிச் சிறையில் இருந்த பெண்கள் ஆறங்குலத் துணியில் தம் பெயரைத் தைத்தனர். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உலகம் அவர்தம் பெயரைப் படிக்கிறது. அடுக்குமாடி வீட்டின் சன்னலோரத்தில் அமர்ந்து, ஊராரின் பெயர்களையெல்லாம் நூலால் எழுதிய பெண்கள் தம் பெயரை எங்கும் எழுதவில்லை. அதனை எழுத வேண்டிய கடமை அவர்கள் தைத்த சட்டையை அணிந்து பள்ளிக்குச் சென்று எழுதக் கற்ற தலைமுறைக்கு உரியதாகும்.